900 கிலோவுக்குள் ஒரு குடும்பம்

அமெரிக்காவில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளுக்கு ‘ஓரிகன் பாதை நாள்’ புதிதல்ல. பையன்களுக்குத் தோள்வார் வைத்த கால்சட்டை, பெண்களுக்கு நீளப் பாவாடையும் வெயில் தொப்பியும், மதியச் சாப்பாட்டைத் துணியில் முடிந்து எடுத்துவர வேண்டும். அன்று வகுப்பே குடியேறிகளாக மாறி, விளையாட்டு மைதானத்தைச் சுற்றி மேற்கு நோக்கி நடக்கும். ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் குடியிருக்கும் தமிழ் அப்பா அம்மாக்களில் பலர் அன்றைக்கு உதவிக்குப் போய் நிற்பதும் உண்டு. உடுப்பு தேடி அலைகிற நேரத்தில் பாதியை எடை போடுவதில் செலவழித்தால் அந்த நாள் உருப்படும் என்பது என் கட்சி. தொப்பி போட்டதால் எந்தக் குழந்தைக்கும் வரலாறு புரிந்ததில்லை. மாவு மூட்டையா, பாட்டியின் நாற்காலியா என்று ஐந்து பேர் சண்டை போடும்போது புரிகிறது.

பின்னணி சுருக்கமாக. ஓரிகன் பாதை என்பது 19-ம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டுவண்டியோடு மேற்கே போன வழி. மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஓரிகன் சிட்டி வரை ஏறக்குறைய 2,000 மைல், அதாவது 3,200 கிலோமீட்டர். 1843-ல் சுமார் 1,000 பேர் ஒரே பருவத்தில் கிளம்பியதுதான் முதல் பெரிய அலை. 1869 மே மாதம் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைந்த பிறகு வண்டிப் போக்குவரத்து தேய்ந்தது. கலிஃபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் பிரிந்த கிளைகளையும் சேர்த்தால் போனவர்கள் 3 முதல் 4 லட்சம் பேர் என்பது வழக்கமான கணக்கு. ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் கிளம்பியாக வேண்டும். முந்திப் போனால் சமவெளியில் புல் முளைத்திருக்காது, மாடு பட்டினி. பிந்திப் போனால் மேற்கு மலைகளில் பனி பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கிடைப்பது ஐந்து மாதம். வகுப்பில் எல்லாக் கணக்கும் இதற்குள்தான்.

முதலில் தரையில் ஒரு செவ்வகம்

பயண நாளுக்கு ஒரு வாரம் முன்பே வகுப்பறைத் தரையில் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வண்டிப் பெட்டி அவ்வளவுதான், உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். ‘இதில் எங்கே படுப்பது?’ என்று யாராவது கேட்பார்கள். யாரும் படுக்கவில்லை. கூடாரத்தில் தூங்கினார்கள், இல்லாவிட்டால் வண்டிக்கடியில். உட்கார்ந்தும் போகவில்லை. வண்டிக்கு அதிர்வு தாங்கும் வில் (ஸ்பிரிங்) கிடையாது, ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். மாட்டுக்கும் பாரம். கைக்குழந்தை, நோயாளி தவிர மற்றவர்கள் பாதி அமெரிக்காவை நடந்தே கடந்தார்கள்.

நான்கு முதல் ஆறு மாடுகள் இழுக்கும் வண்டியில் ஏற்றத்தக்க பாரம் சுமார் 2,000 பவுண்டு, 900 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் மாடு மலையைப் பார்க்காது. இனி சாப்பாட்டுக் கணக்கு. ராணுவ கேப்டன் ராண்டால்ஃப் மார்சி 1859-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு 110 நாளுக்குச் சொல்லியிருப்பது: மாவு 150 பவுண்டு, பேக்கன் எனும் உப்பிட்ட பன்றி இறைச்சி 25, காபி 15, சர்க்கரை 25. போக உப்பு, மிளகு, சோடா உப்பு. புது இறைச்சிக்கு மாடுகளைக் கூடவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதைக் கிலோவாக்கி நாள் கணக்குக்கு வகுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மாவு 620 கிராம், பேக்கன் 100, சர்க்கரை 100, காபி 60 என்று வரும். பிறகு சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நிஜமாகவே 620 கிராம் மாவை ஒரு தட்டில் கொட்டுங்கள். பக்கத்தில் ஒரு கை அளவு சர்க்கரை. வெள்ளைக் குவியலும் வெள்ளைக் குவியலுமாக இருக்கும் அந்தத் தட்டில் காய் எங்கே, பழம் எங்கே என்று அவர்களே தேட ஆரம்பிப்பார்கள். காய், பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் என்று ஒரு குடும்பம். பிள்ளைக்கு அரைப் பங்கு என்றால் மொத்தம் மூன்றரைப் பங்கு. ஒரு பங்கு 97.5 கிலோ, ஆக 341 கிலோ. ஆனால் அது 110 நாளுக்கு. நாளுக்கு 24 கிலோமீட்டர் ஓயாமல் நடந்தாலே 133 நாள் ஆகும். ஆறு கடக்கவும் மாட்டுக்கு ஓய்வு கொடுக்கவும் சேர்த்தால் 150. அப்போது சாப்பாடு மட்டும் 465 கிலோ. பாதி வண்டிக்கு மேல் போயாயிற்று.

மிச்சம் 435 கிலோ. இங்கேதான் சாமானின் பெயரும் எடையும் எழுதிய அட்டைகள் வருகின்றன. கட்டாய அட்டைகளுக்கு இப்படி எடை வைக்கலாம்: நிரப்பிய தண்ணீர்ப் பீப்பாய் 60, கூடாரமும் படுக்கையும் 70, கோடாலி, ரம்பம், கயிறு வகையறா 60, உதிரி அச்சும் சங்கிலியும் 50, சமையல் பாத்திரம் 30, துப்பாக்கி, வெடிமருந்து, ஈயம் 25, துணிமணி 50, கலப்பை 40. கூட்டினால் 385. குடும்பத்துக்கு ஆசைப்பட்டதை ஏற்ற மிஞ்சுவது 50 கிலோ. ஆசை அட்டைகள்: வார்ப்பிரும்பு அடுப்பு 120, தாத்தாவின் மரப்பெட்டி 30, பீங்கான் தட்டுகள் 25, விதைப் பெட்டி 15, ஆடும் நாற்காலி 12, புத்தகங்கள் 10, கடிகாரம் 8. இவை வகுப்புக்காக வைத்த எடைகள், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அடுப்பு மட்டும் மிஞ்சிய இடத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

ஏதாவது ஒரு குடும்பம் மாவைக் குறைத்து அடுப்பை ஏற்றும். தடுக்காதீர்கள். ஃபோர்ட் லாரமியில் கணக்குப் பார்க்கும்போது விஷயம் வெளியே வரும். 1849-ல் அந்தக் கோட்டைப் பக்கம் சாலையோரம் அடுப்பும் பெட்டியும் பேக்கனும் குவியல் குவியலாகக் கிடந்தன. பசி வரும் முன்பே மாடு களைத்துவிட்டது. எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி ஏற்றிவிடுவது இன்னொரு தொல்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி முடிவெடுத்து மற்றவர்கள் தலையாட்டுவதால் வருவது அது. ஐந்து பேர் கையிலும் ஆளுக்கொரு ஆசை அட்டையைக் கொடுத்து, அவரவர் அட்டைக்கு அவரவர் வாதாட வேண்டும் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒரு மீட்டர், ஒரு கிலோமீட்டர்

மைதானத்துக்கு அளவுகோல் வேண்டும். சும்மா சுற்றி வந்தால் அது உடற்பயிற்சி வகுப்பு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 400 மீட்டர் ஓடுபாதையில் எட்டுச் சுற்றில் ஓரிகன் வந்துவிடும். ஒரு நாள் நடை 24 மீட்டர். முதல் சுற்றில் 24 மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, ஒவ்வொரு கொடியிலும் அன்றைய 620 கிராமைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொன்னால் மாவு எப்படிக் கரைகிறது என்று தெரியும். எட்டுச் சுற்றிலும் இதைச் செய்தால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள், முதல் சுற்று போதும். பிறகு நிறுத்தங்களில் மொத்தமாகக் கழிக்கலாம். ஃபோர்ட் கியர்னி சுமார் 500-வது மீட்டரில், ஃபோர்ட் லாரமி 1,050-ல், சவுத் பாஸ் எனும் கணவாய் 1,500-ல்.

சவுத் பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. பல பள்ளிகளில் நாற்காலிகளை அடுக்கிப் போர்வை போர்த்தி ஒரு ‘மலை’ கட்டிவிடுகிறார்கள். 7,412 அடி உயரத்தில் இருந்தாலும் சவுத் பாஸ் அகலமான, மெதுவாக ஏறும் புல்வெளி. கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டைத் தாண்டிவிட்டோம் என்பது பலருக்குத் தெரியவே இல்லை. வண்டி போக முடிந்ததே அதனால்தான். ஆகவே நாற்காலிகளை வகுப்பிலேயே விடுங்கள். அங்கே ஒரு சாதாரணக் கொடி மட்டும் இருக்கட்டும். தாண்டிய பிறகு, எது மேற்கே ஓடும் ஆறு என்று வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள். வழியில் வரும் சிம்னி ராக் எனும் பாறை நேர்மாறு. அதன் முனை தொலைவிலிருந்தே தெரிந்து, நாள்கணக்கில் கண்முன் நின்றுகொண்டே இருக்கும். உயரமான அட்டைக் கம்பம் அதற்குத்தான் பொருத்தம். இண்டிபெண்டன்ஸ் ராக் எனும் இன்னொரு பாறையை ஜூலை 4-க்குள் எட்ட வேண்டும் என்பது அன்றைய கணக்கு. பிள்ளைகள் அந்தத் தேதியைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசிச் சுற்றில் ஒரு சுங்கச்சாவடி. கொலம்பியா ஆற்றில் தெப்பத்தில் இறங்கப் பயந்தவர்களுக்காக 1846-ல் ஹூட் மலையைச் சுற்றி பார்லோ சாலை திறந்தது. வண்டிக்கு 5 டாலர், மாட்டுக்கு 10 சென்ட். வழியில் எல்லாம் செலவழித்துவிட்டு வந்த குடும்பத்திடம் அந்த ஐந்து டாலர் இருக்காது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடாதீர்கள்.

வண்டி

தோட்டத்துக்கு வைத்திருக்கும் நாலு சக்கர இழுவண்டி போதும். 90 சென்டிமீட்டர் நீளத் தட்டு இருந்தால் நல்லது. அரை அங்குல பிவிசி குழாயை 2 மீட்டராக மூன்று துண்டு வெட்டி, இருபக்கமும் மரச்சட்டத்தில் வளைத்துப் பொருத்தி, மேலே பருத்தி விரிப்பைப் போர்த்தினால் வண்டி தயார். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பிடிப்பான் வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் குழாய் சுழன்று, கூரை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விரிப்பின் முன்னும் பின்னும் நாடா கோத்துச் சுருக்குங்கள். திறந்து விட்டால் காற்றுக்குப் பாய்மரம்தான். பிளாஸ்டிக் சக்கரம் புல்லில் அரை நாள் தாங்காது, அச்சோடு உடையும். காற்றடைத்த ரப்பர் சக்கரம் வாங்குங்கள்.

அந்தக் காலத்தில் துணியில் ஆளி விதை எண்ணெய் பூசி மழை இறங்காமல் செய்தார்கள். பள்ளியில் அந்த வேலையே வேண்டாம். எண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

இழுக்கும்போது இரண்டு பிள்ளைகள் முன்னால், இரண்டு பேர் பின்னால். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவதற்கல்ல, கயிறு பிடிப்பதற்கு. சரிவில் 40 கிலோ பாரத்தோடு இறங்கும் வண்டி முன்னால் போகிறவர் குதிகாலில் ஏறிவிடும். நெப்ராஸ்காவின் விண்ட்லஸ் மலையிலும் ஓரிகனின் லாரல் மலையிலும் இதே பிரச்சினை, நூறு மடங்கு பெரிதாக. சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். பள்ளி மைதானத்தில் சின்னதாக ஒரு மேடு இருந்தால் அதைத் தவற விடாதீர்கள். வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்தில் நசுங்கியது பாதையில் குழந்தைகள் செத்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

சக்கரத்துக்கு இன்னொரு சங்கதி. வறண்ட காற்றில் மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடும். ராத்திரி சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவார்கள், அல்லது ஆப்பு அடிப்பார்கள். ராத்திரி வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் சண்டைக்காக அல்ல, மாடு ஓடிவிடாமல் பட்டி கட்ட.

ஆறு கடப்பதற்குத் தரையில் நீலத் தார்ப்பாய் விரித்துக் குதிக்க விடுவதில் ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஆளுக்கொரு பால் அட்டைப்பெட்டி, ஓட்டைகளை அடைக்க மெழுகு, பாரத்துக்குக் கூழாங்கல். கல்லை அடியில் பரப்பினால் மிதக்கும், ஒரு பக்கம் குவித்தால் கவிழும். மூன்றே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கவிழ்ந்த பெட்டியிலிருந்த மாவு கணக்கில் கழியும்.

சாப்பாட்டுக்கு ஹார்ட்டேக் எனும் கல் ரொட்டி. மாவு 250 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் அரை கப், பிசுபிசுக்காத அளவுக்கு. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தேய்த்து, சதுரமாக வெட்டி, முள்கரண்டியால் வரிசையாகக் குத்தி, 190 டிகிரியில் பக்கத்துக்கு அரை மணி நேரம். குத்தாவிட்டால் நீராவி உள்ளே சிக்கி உப்பிவிடும், உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளும் பால்பல் ஆடுகிற பிள்ளைகளும் அதை ஊறவைத்தே தின்ன வேண்டும். பேக்கன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவித்த பீன்ஸ், அதுவும் பாதையில் இருந்ததுதான். வெண்ணெய்க்கு மார்சி சொல்லும் வழி நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும்: நன்றாகக் காய்ச்சி, நுரையை வழித்தெடுத்து, எண்ணெய் மாதிரித் தெளிந்ததும் தகரக் குடுவையில் ஊற்றி அடைத்துவிடு என்கிறார். பெயர் தெரியாமலே நெய் காய்ச்சியிருக்கிறார்கள்.

எத்தனை பேர் சாக வேண்டும்?

மினியாபொலிஸில் 1971-ல் டான் ராவிட்ஷ் எனும் பயிற்சி ஆசிரியர் தன் எட்டாம் வகுப்புக்காக வரைபடமும் தாயக்கட்டையும் அட்டையும் வைத்து ஒரு விளையாட்டு செய்யத் தொடங்கினார். உடன் தங்கியிருந்த பில் ஹைனமனும் பால் டில்லன்பெர்கரும் அதைக் கணினிக்கு மாற்றினார்கள். திரைகூடக் கிடையாது, தொலையச்சு இயந்திரம்தான். அதிலிருந்து வந்த ஓரிகன் டிரெயில் விளையாட்டில் ஒரு தலைமுறையே வயிற்றுக்கடுப்பில் செத்துச் செத்துப் பழகியது. பள்ளி நாடகங்களிலும் அந்தச் சாவு எண்ணிக்கைதான் தொற்றிக்கொண்டிருக்கிறது. தாயம் உருட்டி வகுப்பில் பாதியைக் கொன்றுவிடுகிறார்கள்.

பாதையில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 முதல் 6 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. 30 பேர் வகுப்பில் அது ஒருவர் அல்லது இருவர். ஆறு முகத் தாயத்தில் ஒன்று விழுந்தால் சாவு என்று வைத்தால் முதல் நிறுத்தத்திலேயே ஐந்து பேர் போவார்கள். பையில் 30 சீட்டு போட்டு, கடைசி வரைக்கும் சேர்த்தே இரண்டில் மட்டும் குறி வையுங்கள். சீட்டு பிள்ளைக்கு அல்ல, குடும்பத்தில் அவர்கள் ஏற்ற பாத்திரத்துக்கு. சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதியைத் தொடாமல் விடுங்கள். ‘இறந்த’ பிள்ளையை ஓரமாக உட்கார வைத்தால் மைதானத்தில் குறும்பு ஆரம்பிக்கும். அந்தப் பிள்ளை கையில் குடும்பத்தின் நாட்குறிப்பைக் கொடுங்கள்.

உயிர் குடித்ததில் முதலிடம் காலராவுக்கு, 1849 முதல் 1852 வரை மிகக் கடுமை. இதைக் காட்ட ஒரு சோதனை. 30 கோப்பையில் தண்ணீர், ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடா கலந்திருக்கும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. முகாமுக்கு ஒரு முறையாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறொருவரோடு, கோப்பைத் தண்ணீரைக் கலந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கடைசியில் எல்லாக் கோப்பையிலும் மஞ்சள் கரைசல் சில சொட்டு. சோடா கலந்ததெல்லாம் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்யும் வேலைதான் இது. மூன்று சுற்றில் எட்டுக் கோப்பை வரை சிவக்கலாம். ஒருவரும் குடிக்கக் கூடாது, சோடா அளக்கிறவருக்குக் கையுறை வேண்டும். சாதாரண சமையல் சோடா போட்டால் நிறம் சரியாக மாறாது. இதுதான் வழக்கமாகச் சொதப்பும் இடம்.

பாதை யார் நிலத்தில்?

பள்ளிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கே. சில பிள்ளைகளுக்கு இறகு குத்தி, வண்டியைத் தாக்க விடுகிற வழக்கம் ஒழிய வேண்டும். அது அவமரியாதை என்பதோடு கணக்கும் தப்பு. 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362, குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 என்று வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ பதிவுகளிலிருந்து எண்ணிக் காட்டியிருக்கிறார். நடந்ததில் பெரும்பங்கு வியாபாரம். ஸ்னேக் ஆற்றில் ஷோஷோனி மக்கள் சால்மன் மீன் விற்றார்கள். நீல மலையைத் தாண்டியதும் கயூஸ், உமட்டில்லா மக்களிடம் உருளைக்கிழங்கும் குதிரையும் கிடைத்தன. ஆறு கடக்க உதவியதும் பல இடங்களில் அவர்களே. ஆகவே ஆறாவது சுற்றில் ஒரு வியாபார மேசை போட்டு, பெரியவர் ஒருவர், வேஷம் எதுவும் இல்லாமல், விலைப்பட்டியலோடு உட்காரட்டும். ஏற்றி வந்த சட்டையும் ஊசியும் அங்கே பணமாகும்.

போய்ச் சேர்ந்த பிறகு மறுநாள் இரண்டு தேதிகளைப் பலகையில் எழுதுங்கள். 1850: நிலக்கொடைச் சட்டம், மணமான வெள்ளைக் குடியேறித் தம்பதிக்கு 640 ஏக்கர், ஒரு சதுர மைல். 1855: வாலா வாலா ஒப்பந்தம், கயூஸ், உமட்டில்லா, வாலா வாலா மக்கள் 64 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தது. கொடுத்தது முதலில், கேட்டது பின்னால். பிள்ளைகள் இந்த வரிசையை உடனே பிடித்துக்கொள்வார்கள், விளக்கவே வேண்டாம். 1847-ல் தட்டம்மை கயூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுபோனதையும் அன்றைக்கே சொல்லலாம். காலராக் கோப்பைகள் பிள்ளைகள் நினைவில் இருக்கும். கறுப்பின விவசாயி ஜார்ஜ் புஷ் 1844-ல் இதே பாதையில் வந்தவர். ஜனாதிபதிகளுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கறுப்பினத்தவர் குடியேற ஓரிகன் அந்த ஆண்டே தடை போட்டதால் கொலம்பியாவின் வடகரைக்குப் போய் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் பண்ணை அமைத்தார். ஏதாவது ஒரு குடும்பத்துக்கு அவர் பாதையைக் கொடுத்தால் அவர்களுக்கு மட்டும் முடிவு வேறிடத்தில் இருக்கும். மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

பூர்வகுடி வரலாற்றுப் பாடத்தை ஓரிகன் 2017-ல் செனட் மசோதா 13 வழியாகச் சட்டமாக்கியிருப்பதால் இதற்கான பாடத்திட்டம் பள்ளியிலேயே இருக்கும், ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்கள் பேக்கர் சிட்டி பக்கத்திலுள்ள ஓரிகன் பாதை மையத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். போர்ட்லண்டிலிருந்து கிளம்பினால் அதற்கு 150 கிலோமீட்டர் முன்னாலேயே, பெண்டில்டன் அருகே உமட்டில்லா ஒதுக்கீட்டு நிலத்தில், அந்த மக்களே நடத்தும் டமாஸ்ட்ஸ்லிக்ட் அருங்காட்சியகம் வருகிறது. போகும்போதே அங்கே இறங்குங்கள். திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பேருந்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.